பனித்தளத்தில் கை வைத்தவள்

ரோண்டா மெல்னிக் குடியை நிறுத்தியது நவம்பர் முதல் வாரத்தில். அவள் குடித்துக் கெட்டுப்போகிறாள் என்று ஓட்லண்ட் ஊர் முடிவு கட்டியது ஜனவரிக் கடைசியில். நடுவில் நடந்ததற்கெல்லாம் யாரைக் குறை சொல்வது என்றால் ஆளுக்கொரு பங்கு உண்டு. பெரிய பங்கு ரோண்டாவுடையதுதான். அதை அவளே ஒத்துக்கொள்வாள், கொஞ்சம் முறைத்துவிட்டு.

சூடு முதலில் வந்தது கோதுமை அறுவடையின்போது. கணவன் க்ளென் அறுவடை இயந்திரத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தான்; ரோண்டா தானிய லாரியில் பின்னால். திடீரென்று மார்பிலிருந்து ஒரு அனல் கிளம்பிக் கழுத்து, கன்னம், காது என்று ஏறியது. லாரியின் ஹீட்டர்தான் பழுதாகிவிட்டது என்று நினைத்து அதை ஒரு தட்டுத் தட்டினாள். ஹீட்டர் ஓடவே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி, நனைந்த சட்டையில் குளிர் எடுத்தது. ஏதோ கண்ட காய்ச்சல் என்று விட்டுவிட்டாள்.

காய்ச்சல் போகவில்லை. கடையில் வரிசையில் நிற்கும்போது வந்தது, தேவாலயத்தில் பாடும்போது வந்தது, படுக்கையில் தினம் வந்தது. பனிக்காலம் தொடங்கியதும் படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க ஆரம்பித்தாள்.

"ரோண்டா, வெளியில மைனஸ் பதினஞ்சு. பைப் உறஞ்சு வெடிச்சா யார் சரி பண்றது?" என்றான் க்ளென், கம்பளிக்குள்ளிருந்து.

"நீதான். வேற யாரு?"

"என் மூக்கே உறஞ்சுபோச்சு."

"மூக்கையும் உள்ள இழுத்துக்கோ."

அவளுக்கு வயது நாற்பத்தாறு. மாதவிலக்கு நின்றபாடில்லை, நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் இது மாதவிலக்கு நிற்கும் வயதில் வருகிற சூடு என்ற சந்தேகமே அவளுக்கு வரவில்லை. காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போன இடத்தில் நர்ஸ்தான் அதைச் சொன்னாள். ரோண்டா கேட்டாள்: "அது நின்னப்புறம்தானே இதெல்லாம் வரும்?"

"யார் சொன்னா? சிலருக்கு நிக்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடும். நீங்க குடிப்பீங்களா?"

"நான் கர்லிங் ஆடறேன்."

"அப்ப குடிப்பீங்க" என்றாள் நர்ஸ், முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல். "சிலருக்குக் குடி சூட்ட ஏத்திவிடும். சிலருக்கு ஒண்ணும் பண்ணாது. குடிக்கிறவங்களுக்குக் கொறவா வருதுன்னு சொல்ற ஆராய்ச்சிகூட உண்டு. கொஞ்ச நாள் விட்டுப் பாருங்க. உங்க ஒடம்பு எந்தக் கட்சின்னு தெரிஞ்சிடும்."

கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. ஆனால் ஓட்லண்டில், அதுவும் கர்லிங் பருவத்தில், ஒரு பெண் சும்மா குடியை விட்டுவிட முடியாது.

கர்லிங் என்பது அணிக்கு நான்கு பேராகப் பனித்தளத்தில் கனத்த கற்களைச் சறுக்கித் தள்ளி, எதிர்முனையில் வரைந்த வட்டத்தின் நடுவில் நிறுத்தும் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் யாரும் வீட்டுக்கு ஓடுவதில்லை. இரண்டு அணியும் எட்டுப் பேராக ஒரே மேஜையில் உட்கார வேண்டும். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கிளாஸ் வாங்கித் தர வேண்டும். அடுத்ததைத் தோற்றவர்கள் வாங்க வேண்டும். கல்லைத் தள்ளத் தெரியாதவனைக்கூட அந்த ஊர் மன்னித்துவிடும், மேஜையில் உட்காராதவனை மன்னிக்காது. தோற்றவள் வேண்டாமென்றால் வயிற்றெரிச்சல். ஜெயித்தவள் வேண்டாமென்றால் திமிர். தொடர்ந்து பல நாள் வேண்டாமென்றால் அவள் கர்ப்பமாக இருக்கிறாள், அல்லது குடிநோய் முற்றிப்போய்த் திருந்தும் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

நாற்பத்தாறு வயதில் வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்று ஊர் பேசுவதை நினைத்தாலே ரோண்டாவுக்கு உடம்பு கூசியது. உண்மையைச் சொல்லவும் கூசியது. 'எனக்குள் அடுப்பு எரிகிறது, மாதவிலக்கு நிற்கப்போகிறதாம், அதனால் குடிப்பதில்லை' என்று எட்டுப் பேர் மேஜையில் எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். அவளே மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தவள்தான்.

ஆகவே அவள் மர்லைப் பிடித்தாள். மர்ல் அந்த கிளப்பில் பனித்தளம் போடுகிறவன். ஆட்டம் முடிந்ததும் கை கழுவிக்கொண்டு பாரில் நின்று ஊற்றுகிறவனும் அவனே. ஊரில் எல்லோரும் குடிப்பது ரை விஸ்கியும், ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சி சோடாவும் கலந்தது.

"எனக்குன்னு யார் வந்து கேட்டாலும் விஸ்கி ஊத்தாத. வெறும் ஜிஞ்சர் ஏல். யாருக்கும் தெரியக் கூடாது."

"நிறம் காட்டிக் குடுத்திடுமே" என்றான் மர்ல். "ரெண்டு சொட்டு கோலா விடறேன். டாக்டர் சொன்னாரா?"

"ஏன் எதுக்குன்னு கேக்காத."

"கேக்கல" என்றான் மர்ல். அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அந்த வகையில் தங்கமான மனிதன்.

ஏற்பாடு கச்சிதமாக நடந்தது. அந்த வருஷம் ரோண்டாவின் அணி நன்றாக ஆடியது, ஆகவே மேஜைகளும் அதிகம். முன்பெல்லாம் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறவள், இப்போது கொண்டுவருவதையெல்லாம் கடகடவென்று குடித்தாள். தாகம் அப்படி, சூடு வந்து போனால் தொண்டை வறண்டுவிடும். வெறும் ஜிஞ்சர் ஏல்தானே, என்ன கெட்டுப்போகிறது? முடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு தானே வண்டி ஓட்டி வீட்டுக்குப் போனாள். குடிக்காதவள் ஓட்டினால் என்ன?

மேஜையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று அவள் ஒரு தடவையும் யோசிக்கவில்லை. புத்திசாலிப் பெண்தான். ஆனால் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கு அந்த ஒரு ரகசியம்தான் கண்ணுக்குத் தெரியும்.

பார்க்கிறவர்களில் முக்கியமானவள் பெவ் கார்வர். ரோண்டாவின் அணியில் துணைத்தலைவி. தலைவியான ரோண்டா கல்லைத் தள்ளும்போது எதிர்முனையில் நின்று, பனியைத் தேய்க்கிற துடைப்பத்தை நட்டுக் குறி காட்டுகிறவள் துணைத்தலைவிதான். பதினாறு வருஷமாக ரோண்டா பெவ்வின் துடைப்பத்தைப் பார்த்துத்தான் கல் தள்ளுகிறாள். பெவ் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு டெஸ்ஸா என்று ஒன்பது வயதில் ஒரு மகள். டெஸ்ஸாவைத் தினமும் காலையில் பண்ணை வாசலிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறவள் ரோண்டா.

ஆமாம், ரோண்டாவின் வேலை அதுதான். மஞ்சள் நிறப் பள்ளி பஸ் ஓட்டுவது. நிலம் க்ளென்னுடையது, அவனுக்கு முன்னால் அவன் அப்பாவுடையது. வீடு நிலத்தோடு வந்தது. அந்த பஸ் மட்டும்தான் அவளே தேடிப் பிடித்த, அவள் பேரில் இருந்த ஒன்று. அது போய்விட்டால் க்ளென்னின் லாரி டிரைவர் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பெயர் கிடையாது.

ஜனவரிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஷார்லினின் அணியோடு ஆட்டம். கடைசிச் சுற்று. ரோண்டாவின் அணி ஒரு புள்ளி முன்னால். ஷார்லின் கையில் இன்னும் ஒரு கல். அதை வட்டத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் இரண்டு புள்ளி, ஆட்டம் அவளுடையது. ரோண்டா வட்டத்துக்குள், நடுவுக்கு அருகில் குந்தி உட்கார்ந்து, கல் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வந்தது சூடு. அதுவரை வந்ததெல்லாம் ஒத்திகை என்று சொல்லும்படி வந்தது. கண்ணிமையெல்லாம் வேர்த்தது. கையுறைக்குள் விரல்கள் வழுக்கின. கையுறையை உருவி எறிந்தாள். முழங்காலுக்குக் கீழே பனி, நீலம் கலந்த வெள்ளையில் விரிந்து கிடந்தது. யோசித்துச் செய்ததில்லை. வெறும் உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அடடா! என்ன சுகம்! குளிர்ச்சி மணிக்கட்டு வழியாக ஏறித் தோள்வரை வந்தது. உலகத்தில் வேறெதுவும் வேண்டாம் போலிருந்தது.

கர்லிங் ஆடுகிறவர்கள் பனியில் கை வைக்க மாட்டார்கள். அது விதி என்பதைவிட உடம்பில் ஊறிய பழக்கம். மர்ல் மணிக்கணக்காகத் தண்ணீர்த் துளி தூவிப் போட்ட தளம் அது; உள்ளங்கைச் சூட்டில் அந்தப் பொடிக் குமிழ்கள் உருகினால் அங்கே ஒரு பள்ளம் விழும், அதில் போகிற கல் கோணும். முதல் நாள் வருகிற ஆறு வயதுக் குழந்தைக்குச் சொல்லித்தருகிற முதல் பாடம்.

ரோண்டா கண்ணைத் திறந்து எழுந்து நகர்ந்தாள். ஷார்லினின் கல் அழகாக வந்தது. வட்டத்துக்குள் நுழைந்து, நடுவை நெருங்கி, இருந்தாற்போல் ஒரு குலுங்கு குலுங்கி, இடதுபுறம் வெட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டது.

"என்னது அது!" என்று கத்தினாள் ஷார்லின், எதிர்முனையிலிருந்து.

மர்ல் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து குனிந்தான். சாய்ந்த வெளிச்சத்தில் அது எல்லோருக்கும் தெரிந்தது: ஐந்து விரலும் உள்ளங்கையும், ரேகை பார்க்கலாம் போல.

"யார் கை இது?" என்று மர்ல் அதட்டினான். தன் தளத்தில் கை வைத்தவர்களிடம் அவனுக்குத் தாட்சண்யம் கிடையாது.

"என் கை" என்றாள் ரோண்டா.

"உன் கையா? நீயா? பச்சப் புள்ளகூட இப்படிச் செய்யாதே! எத்தன வருஷமா ஆடற நீ? என்ன ஆச்சு உனக்கு?"

ரோண்டாவின் முகம் சிவந்து, முடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. நேரே நடந்துபோய் ஷார்லினிடம் கையை நீட்டி, "ஆட்டம் உன்னது. குலுக்கு" என்றாள். அதுவும் கர்லிங் வழக்கம்தான். தன் தவறைத் தானே சொல்லிவிட வேண்டும். ஷார்லின் கையைக் குலுக்கிவிட்டு, ஈரமாக இருக்கிறதே என்று தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

ஜெயித்தவர்கள் ஷார்லின் அணி, ஆகவே முதல் கிளாஸ் அவர்கள் வாங்கினார்கள். ரோண்டா தன்னுடையதை நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள். "இன்னொண்ணு கொண்டாங்க" என்றாள். அதையும் குடித்தாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள். மேஜையில் பேச்சு நின்றுபோயிருந்ததைக் கவனித்தாள். தோற்றதற்காக என்று நினைத்தாள்.

"நான் கொண்டுபோய் விடறேன், வா" என்றாள் பெவ்.

"எதுக்கு? நானே போய்க்கறேன்."

"ரோண்டா, நான் விடறேன்னு சொல்றேன்."

"எனக்கென்ன கை கால் இல்லயா?" என்று சாவியை எடுத்துக்கொண்டு ரோண்டா கிளம்பிவிட்டாள். பெவ் கதவுவரை வந்து நின்று பார்த்தாள்.

மறுநாள் விடியுமுன் பஸ் நிறுத்துமிடத்துக்குப் போனபோது இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவன் கர்ட் ஃப்ரீசன், பள்ளி வாகனங்களுக்கெல்லாம் மேலாளர். சின்ன வயதில் ரோண்டாவின் பஸ்ஸிலேயே போனவன். நான்காவது சீட்டில் அவன் வாந்தியெடுத்ததை அவளே துடைத்திருக்கிறாள். இன்னொருவர் போலீஸ்காரர், கையில் ஊதிப் பார்க்கும் கருவியோடு.

"மிஸஸ் மெல்னிக்" என்றான் கர்ட், அவளுடைய பூட்ஸைப் பார்த்துக்கொண்டே. "ஒரு புகார் வந்திருக்கு. யார்னு சொல்ல முடியாது. வந்துட்டா நாங்க சோதிச்சே ஆகணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"என்ன புகார்?"

"குடிச்சுட்டு ஓட்டறதா."

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. வாழ்க்கையில் இத்தனை மாதம் தொடர்ந்து குடிக்காமல் இருந்ததே இல்லை. இப்போதா! ஆனால் சிரிப்பு வெளியே வருவதற்குள் அடங்கிவிட்டது. அந்தக் கருவி என்ன சொன்னாலும், போலீஸ் வந்து ஊதச் சொன்னார்கள் என்ற செய்தி மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். கருவியை நம்புவதா, செய்தியை நம்புவதா என்றால் ஊர் எதை நம்பும் என்று அவளுக்குத் தெரியும். இருபது பண்ணைகளின் பிள்ளைகள் அந்த பஸ்ஸில் வருகிறார்கள். பெற்றவர்கள் ஏற்ற மறுத்துவிட்டால் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நினைக்க நினைக்கச் சூடு கிளம்பியது. சரியான நேரம் பார்த்து! மைனஸ் முப்பது குளிரில், கர்ட்டும் போலீஸ்காரரும் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்க, ரோண்டாவின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. தொப்பியைக் கழற்றினாள். தலையிலிருந்து ஆவி கிளம்பியது. குற்றவாளி என்று படம் வரைய வேண்டுமானால் அப்படியே அவளை நிற்கவைத்து வரைந்திருக்கலாம்.

ஊதினாள். போலீஸ்காரர் பார்த்தார். கருவியை ஒரு தட்டுத் தட்டினார். "இன்னொரு தடவ ஊதுங்க" என்றார். ஊதினாள்.

"பூஜ்யம்" என்றார், ஏமாந்த குரலில். "ரெண்டு தடவையும்."

கர்ட் பெருமூச்சு விட்டான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "அப்ப இது என்ன? ஒடம்பு சரியில்லயா? சரியில்லன்னா வண்டி எடுக்க வேணாம்..."

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. பொம்பளைங்களுக்கு இந்த வயசுல வர்ற சூடு. போய் உங்கம்மாவக் கேளு."

"எங்கம்மாவா?"

"நீ எட்டாவது படிக்கிறப்போ உங்கம்மா பனில செருப்பில்லாம வாசல்ல நின்னு உனக்குக் கையாட்டுவாங்களே, ஏன்னு நெனச்ச? பாசமா?"

கர்ட்டின் முகமும் சிவந்தது. அவனுக்கு வேறு காரணம். "வண்டிய எடுங்க, மிஸஸ் மெல்னிக்" என்றான்.

எடுத்தாள். வழக்கம்போல ஒவ்வொரு பண்ணை வாசலிலும் பிள்ளைகள் காத்திருந்தார்கள்; செய்தி இன்னும் பரவவில்லை. கார்வர் பண்ணை வாசலில் மட்டும் யாரும் இல்லை. ஹாரன் அடித்தாள். இரண்டாம் தடவை அடித்தாள். பெவ்வின் வண்டி பண்ணைக்குள்ளிருந்து வந்து, பஸ்ஸைத் தாண்டிச் சாலையில் ஏறியது. முன்சீட்டில் டெஸ்ஸா. கையாட்டப் போனவளை அம்மா ஏதோ சொல்ல, கையை இறக்கிக்கொண்டாள். புகார் சொன்னது யார் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் ரோண்டா உதிரிபாகக் கடைக்குப் போனாள். கவுன்ட்டரில் பெவ் யாரோ ஒரு விவசாயிக்கு பெல்ட் தேடிக்கொண்டிருந்தாள்.

"நீதானே?" என்றாள் ரோண்டா.

பெவ் நிமிர்ந்தாள். "நான்தான்."

மறுப்பாள் என்று எதிர்பார்த்து ரோண்டா தயாரித்து வந்த வசவெல்லாம் வீணாயிற்று. பெவ்வே தொடர்ந்தாள்.

"நான் வேற என்ன பண்ணியிருக்கணும், சொல்லு. நவம்பர்லேர்ந்து கைல கிளாஸ் இல்லாம நான் உன்னப் பாக்கல. மூஞ்சி தக்காளி. பேசிட்டிருக்கறப்பவே கோட்டக் கழட்டி வீசற. நேத்து பனில கைய வெச்சுட்டுக் கண்ண மூடி உக்காந்திருக்க. கைய! நீ! அப்புறம் ரெண்டு கிளாஸ ஒரே மூச்சுல குடிச்சுட்டு, கொண்டுவிடறேன்னா மாட்டேங்கற. அதே ஆளு காலைல வந்து ஹாரன் அடிச்சு என் பொண்ண ஏத்திட்டுப் போறா."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"குடிக்கிறவங்களக் கேட்டு உண்ம தெரிஞ்சுகிட்டவ எவ? எங்கம்மா எங்கப்பாவ தினம் கேட்டாங்க. 'ரெண்டே ரெண்டு பியர்'னுதான் சொன்னாரு, தம்பிய வண்டில ஏத்தறப்போ. அந்த விபத்துக்கப்புறம் தம்பி டேல் எப்படி நடக்கறான்னு பாத்திருக்க இல்ல?"

ரோண்டா பார்த்திருக்கிறாள். ஊரே பார்த்திருக்கிறது.

"நான் குடிக்கல, பெவ். அது வெறும் ஜிஞ்சர் ஏல். நிறத்துக்குக் கொஞ்சம் கோலா. எனக்கு இந்த சூடு வந்து உயிர வாங்குது. நிக்கறதுக்கு முன்னாடியே வருமாம். குடிய விட்டுப் பாருன்னாங்க, விட்டேன். போய் மர்லக் கேளு."

"மர்லுக்குத் தெரியுமா?"

"ஊத்தறவன் அவன்தானே. அவன்கிட்ட சொல்லாம எப்படி?"

பெவ் கையிலிருந்த பெல்ட்டைக் கவுன்ட்டரில் வைத்தாள். அதுவரை கோபமாக இருந்த முகம் இப்போது அடிபட்ட முகமாகிவிட்டது. "பதினாறு வருஷமா உன் கல்லுக்குக் குறி காட்டறேன். என் பிரசவத்துக்கு நீதான் வண்டி ஓட்டுன. மர்ல்கிட்ட சொல்லத் தோணிச்சு, எங்கிட்ட சொல்லத் தோணல."

"சொன்னா நீ சிரிப்ப."

"சிரிச்சிருப்பேன்தான். வயிறு வலிக்கச் சிரிச்சுட்டு, உனக்கொரு விசிறி வாங்கிக் குடுத்திருப்பேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி, விட்டியே, கொறஞ்சுதா?"

"இல்ல. முன்ன எப்படியோ அப்படியேதான்."

"அப்ப குடிச்சே தொலச்சிருக்கலாமேடி!"

"என் பெல்ட் இருக்கா இல்லயா?" என்றார் விவசாயி. இருவரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்க்க, "நான் நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரோண்டா கேட்க வந்ததைக் கேட்டாள். "நாளைக்கு டெஸ்ஸாவ அனுப்புவியா?"

பெவ் கவுன்ட்டரில் கிடந்த பெல்ட்டைச் சுருட்டி அலமாரியில் வைத்தாள்.

"பூஜ்யம் வந்துது, பெவ். ரெண்டு தடவ ஊதுனேன். நீ அனுப்பலன்னா வேற யாரும் அனுப்ப மாட்டாங்க. என் கூட்டாளியே ஏத்தலன்னு சொல்லிடுவாங்க. அது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம்?"

"இன்னிக்குக் காலைக்குப் பூஜ்யம்" என்றாள் பெவ். "நான் உன்ன நம்பறேன்னுதான் நெனைக்கறேன். ஆனா என் ஒடம்பு நம்ப மாட்டேங்குது, ரோண்டா. அந்த கிளாஸ நான் ரொம்ப நாள் பாத்துட்டேன்."

ரோண்டா வெளியே வந்தாள். தனக்குக் கோபமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. வண்டியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுகையோடு சூடும் வந்தது; ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு அழுதாள். அன்று மாலை க்ளென்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "அப்ப ஜன்னல் விஷயம் இதானா?" என்றான். அன்று இரவு அவனே எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, தொப்பி போட்டுக்கொண்டு படுத்தான்.

வியாழக்கிழமை காலை ஊருக்குச் செய்தி எட்டியிருந்தது. முதல் பண்ணையில் பிள்ளைகள் இருந்தார்கள். அடுத்ததில் தகப்பன் வாசலில் நின்று, ஏற்றாமல், "இன்னிக்கு நானே கொண்டு விடறேன்" என்று கையைக் காட்டிவிட்டான். மூன்றாவது பண்ணையில் ஆளே இல்லை. நான்காவது கார்வர் பண்ணை.

பெவ்வின் வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. பெவ்வும் டெஸ்ஸாவும் அதற்குப் பக்கத்தில், தலைமுதல் கால்வரை போர்த்திக்கொண்டு. ரோண்டா பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தாள். டெஸ்ஸா ஏறப்போனாள். பெவ் அவள் தோளில் கை வைத்து, "இரு" என்றாள்.

பெவ் தான் முதலில் ஏறினாள். பெற்றவர்கள் யாரும் பஸ்ஸுக்குள் ஏறுவதில்லை, அது வழக்கமில்லை. படியேறி வந்து, பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து ரோண்டாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு கனத்த கோட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டன. பெவ்வின் குளிர்ந்த கன்னம் ரோண்டாவின் கன்னத்தில் பட்டது. ரோண்டாவின் நெஞ்சு இளகியது. மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்தாள். பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

பெவ் விடவில்லை. அவள் மூக்கு ரோண்டாவின் வாயருகே இருந்தது. அவள் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை, மெதுவாக, ஆழமாக.

ரோண்டாவுக்குப் புரிந்தது. முதலில் கை ஓங்கி அவளைப் படியிலிருந்து கீழே தள்ளிவிடலாம் போல இருந்தது. பதினாறு வருஷம்! கண்ணைத் திருப்பியபோது கீழே டெஸ்ஸா தெரிந்தாள். பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஏறலாமா கூடாதா என்று அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோண்டா வாயைத் திறந்து மூச்சை வெளியே விட்டாள். காபியும் வெண்ணெய் ரொட்டியும் மணக்க, நெஞ்சு காலியாகும்வரை, பெவ்வின் முகத்தின்மேல் நிதானமாக விட்டாள்.

பெவ் கையை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. இறங்கி, மகளின் முதுகில் தட்டி, "ஏறு" என்றாள். டெஸ்ஸா ஏறித் தன் சீட்டுக்குப் போனாள்.

"நாளைக்கும் வருவேன்" என்றாள் பெவ், கீழே நின்று.

"வா" என்றாள் ரோண்டா. கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தாள்.